ஆரணிச் சீமையின் கரும்பாறைகள்

1751ஆம் ஆண்டு டிசம்பரில் கிளைவின் படையும் ராசா சாகிபின் படையும் ஆரணியருகே மோதிய கதையைச் சென்ற வாரம் சொன்னேன். இவ்வாரம், ஜாகீர்தார்களையும் அரசர்களையும் கடந்து, மனித ஜாதியே தோன்றாத யுகத்துக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

திருவண்ணாமலை அக்கினி க்ஷேத்திரமாதலால் அம்மலை அவிந்துபோன எரிமலையே என்று படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். பக்திக்கு இனிய இவ்வபிப்பிராயம் பூகர்ப்ப சாஸ்திரத்துக்கு உடன்பாடன்று. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே மூடியிருந்தவையெல்லாம் மழையாலும் காற்றாலும் கரைந்தொழிந்த பின் வெளிப்பட்டு நிற்கும் பாறையே அம்மலை.

உருகிய குழம்பு ஏறிவந்த மெய்யான தடத்தைக் காண வேண்டுவோர் மலையை விட்டுத் தரையைப் பார்க்க வேண்டும். இம்மாவட்டத்திலும் தருமபுரிப் பக்கத்திலும், வெளிர்நிறப் பழம்பாறையை ஊடறுத்துக்கொண்டு, கருநிறக் கற்சுவர்கள் நெடுந்தூரம் ஓடுகின்றன. பூமி பிளந்த வெடிப்புகளில் பொங்கியேறிய குழம்பு அங்கேயே குளிர்ந்து இறுகியதால் ஆன இவற்றைச் சாஸ்திரிகள் டோலரைட் என்பர். வியாபாரிகள் கறுப்புக் கிரானைட் என்று விற்பர்.

பாவு ஏற்றிய பின்னரே ஊடை ஓடும் என்பதை ஆரணி நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாறையிலும் அறுபட்டது மூத்தது, அறுத்தது இளையது. மூத்த பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. தருமபுரியிலிருந்து பெங்களூர்ப் பக்கம்வரை பரவிய கருஞ்சுவர்களில் ஒரு பெருந்தொகுதி எழுந்தது சுமார் 237 கோடி ஆண்டுகளுக்கு முன். பாறைக்குள் பொதிந்த நுண்மணிகளில் யுரேனியம் சிறுகச் சிறுக ஈயமாக மாறும் நிதானமே இக்கணக்குக்கு ஆதாரம். அக்காலத்தில் வாயுமண்டலத்தில் பிராணவாயு சேரத் தொடங்கியிருந்ததேயன்றி, நுண்ணுயிர்களைத் தவிர வேறு ஜீவராசி இல்லை.

அக்குழம்பில் மேல்தரையை எட்டி வழிந்த பங்கு இங்கே தேய்ந்து மறைந்துவிட்டது. வழிந்து உறைந்ததையே பார்க்க வேண்டுமானால் கோலார் தங்கவயலுக்குப் போகவேண்டும். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரடியில் பீறிட்ட குழம்பு, நீர் பட்ட க்ஷணத்தில் மேலே ஓடு கட்டி, தலையணைகளாகக் குவிந்து கிடக்கிறது. பொன்னுக்காக மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தோண்டிய அவ்வூர்ச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. தலையணைப் பாறைகளோ தேசியப் புவியியல் சின்னமாகக் காக்கப்படுகின்றன.

நம் பக்கத்துக் கருஞ்சுவர்களுக்கு அக்காப்பு இல்லை. குவாரிகள் அவற்றைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலேற்றுகின்றன. ஆயினும், கீறல் விழுந்தவை விலைபோகாமல் குவாரி ஓரங்களில் குவிந்து கிடப்பதால், உள்ளூர் ஆசிரியர் எவரேனும் அனுமதி பெற்று மாணவரை அங்கே அழைத்துச் சென்று, ஒரு சம்மட்டியால் புதுமுகம் உடைத்துக் காட்டினால், இக்கட்டுரையைவிட நல்ல பாடமாக அமையும்.