விளங்கா மொழியில் விசாரணை

பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு நெடுநாள் முன்னரே, அம்மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் கங்காணிமார் வழியாக வந்து சேர்ந்தனர். 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. இருந்த இடத்திலிருந்து ஓரடியும் பெயராமலே நாம் மொழிச் சிறுபான்மையினர் ஆனோம். சந்தைக்குப் போதுமான மலையாளம் நம்மிடம் உண்டு. குற்றவாளிக் கூண்டிலே அது போதுமா?

இக்கேள்வி பழையது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 361-ஆம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு விளங்காத மொழியில் சாட்சியம் கூறப்பட்டால், நீதிமன்றத்திலேயே அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துரைக்க வேண்டும் என விதித்தது. இவ்விதி 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 279-ஆம் பிரிவாயிற்று. 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 314-ஆம் பிரிவாக நிற்கிறது.

1962-இல் ஹரிகிசன் என்பாரின் தடுப்புக்காவல் வழக்கு உச்சநீதிமன்றத்திற்கு வந்தது. காவலுக்கான காரணங்களை ஆங்கிலத்தில் எழுதித் தந்திருந்தனர். அவரோ ஆங்கிலம் அறியாதவர். வாயால் விளக்கியது போதாது என்று கூறி, உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது.

இத்தகைய காப்பு தளர்ந்தால் விளைவது யாது? இலங்கைத் தமிழர் நல்லரத்தினம் சிங்கராசா 1993-இல் கைதானார். தாம் அறியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் பதித்தார். அதையே சான்றாகக் கொண்டு 1995-இல் 50 ஆண்டுச் சிறை விதித்தனர். மேல்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. அவருக்கு நியாயமான விசாரணை கிட்டவில்லை என 2004-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு கண்டது. 2006-இல் இலங்கை உச்சநீதிமன்றமோ அம்முடிவை ஏற்று நடக்க மறுத்துவிட்டது.

வழக்கறிஞரை அமர்த்தப் பொருளில்லை என்று எவரும் வாளாவிருக்க வேண்டா. அருணாசலப் பிரதேசத்துச் சுக்தாஸ் வழக்கில், ஏழை கேட்கவில்லை என்பதற்காக இலவச வழக்குதவியை மறுக்கலாகாது என 1986-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, அவர் பெற்ற தண்டனையை நீக்கியது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்போரும் பெண்டிரும் பட்டியல் சாதியினரும் இவ்வுதவிக்கு உரியர்.

ஆகவே, நம் குடும்பத்தார் மூன்று செய்திகளை நினைவிற் கொள்க. விளங்காத தாளில் கையொப்பமோ கைரேகையோ இடற்க. முதல் நாளிலேயே வழக்கறிஞர் வேண்டுமெனக் கேட்க. சாட்சியம் விளங்காவிடின், தமிழில் பெயர்த்துரைக்குமாறு நீதிபதியிடமே கூறுக. இவை சலுகையல்ல, சட்டம் நமக்களித்த உரிமை.