ஸ்டோன் ஃபிளவர் ரெக்கார்ட்ஸ்

அமெரிக்க ஃபங்க் இசைக் கலைஞர் ஸ்லை ஸ்டோன் (1943–2025) கலிபோர்னியாவில் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம். வெளியிட்டதெல்லாம் 1970-ஐ ஒட்டி வந்த ஒரு சில சிங்கிள்கள்தான். 1971-க்குப் பிறகு இயங்கவில்லை. விநியோகம் அட்லாண்டிக் நிறுவனத்தின் கையில் இருந்தது.

சில்வெஸ்டர் ஸ்டூவர்ட் என்பது ஸ்லையின் இயற்பெயர். பாடகராகப் புகழ்பெறும் முன்பே, சான் பிரான்சிஸ்கோவின் ஆட்டம் ரெக்கார்ட்ஸில் மற்றவர்களுக்குப் பாட்டு தயாரித்துக் கொடுத்தவர், கே.எஸ்.ஓ.எல். வானொலியில் அறிவிப்பாளராகவும் இருந்தவர். 'ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன்' இசைக்குழு எபிக் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால், சொந்த நிறுவனம் வைத்தும் தன் குழுவின் பாடல்களை அதில் வெளியிட அவருக்கு வழியில்லை. பழைய தயாரிப்பாளர் வேலைக்கே திரும்பினார். எழுதுவது, தயாரிப்பது, பல கருவிகளை வாசிப்பது என எல்லாம் அவரே. குரல் மட்டும் வேறொருவருடையது.

அந்தக் குரல்களில் முக்கியமானது 'லிட்டில் சிஸ்டர்'. ஸ்லையின் தங்கை வெட் ஸ்டோன், மேரி மெக்ரீரி, எல்வா மூட்டன் ஆகிய மூவரும் தேவாலயப் பாடல்களில் வளர்ந்தவர்கள். ஃபேமிலி ஸ்டோன் தட்டுகளில் பின்னணி பாடிவந்தவர்கள். இவர்களின் 'யூ ஆர் த ஒன்' (1970) பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 22-ஆம் இடம் வரை ஏறியது. ஜோ ஹிக்ஸ், 'சிக்ஸ்' என்னும் இசைக்குழு ஆகியோரின் தட்டுகள் அந்த அளவுக்கு எடுபடவில்லை.

வரலாற்றில் நிற்பது லிட்டில் சிஸ்டரின் அடுத்த தட்டு. 'சம்படீஸ் வாட்ச்சிங் யூ' ஏற்கெனவே 1969-இல் 'ஸ்டாண்ட்!' ஆல்பத்தில் முழுக் குழுவும் வாசிக்க வந்த பாட்டு. இம்முறை டிரம்மர் இல்லை. மேஸ்ட்ரோ ரிதம் கிங் என்ற ரிதம் பாக்ஸ் அவர் இடத்தில் உட்கார்ந்தது. ஆர்கன் வாசிப்பவர் துணைக்கு வைத்துக்கொள்ளும் பெட்டி அது. பொத்தானை அழுத்தினால் ரும்பா, போசா நோவா என்று உள்ளே இருக்கும் தாளம் ஓடும், நம் தாளத்தை அதில் ஏற்ற முடியாது. கைக்கடிகாரம் போல அது டிக்டிக்கென்று அடிக்க, மூன்று பெண்களும் காதருகே பேசுவது போலத் தணிந்து பாடுகிறார்கள். கண்காணிக்கப்படும் உணர்வைச் சொல்லும் பாட்டுக்கு, பழைய வடிவத்தைவிட இதுவே பொருந்துகிறது. ரிதம் பாக்ஸ் ஒலிக்க, அமெரிக்கத் தரவரிசையில் முதல் 40-க்குள் வந்த ஆரம்பகாலப் பாடல்களில் இதுவும் ஒன்று.

எபிக் இதற்கிடையே ஃபேமிலி ஸ்டோனின் புது ஆல்பம் வராமல் காத்துக் கிடந்தது. 1970-இல் பழைய வெற்றிப் பாடல்களைத் தொகுத்து விற்றுச் சமாளித்தது. கடைசியில் 1971 நவம்பரில் வந்த 'தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்' முதலிடம் பிடித்தது. அதன் மங்கிய, தனிமை கவிந்த ஒலியும் அதே பெட்டியிலிருந்து கிளம்பியதுதான். ஒத்திகை ஸ்டோன் ஃபிளவரில் நடந்துவிட்டிருந்தது.

2014-இல் லைட் இன் தி அட்டிக் நிறுவனம் 'ஐ'ம் ஜஸ்ட் லைக் யூ' என்ற பெயரில் இத்தட்டுகளைத் தொகுத்தது. அதுவரை வெளிவராத பதிவுகளும், ஸ்லையே பாடியவை உட்பட, அதில் இடம்பெற்றன.