வீணாய்ப் போகும் புகைக்கு வேலை

காரெட் கம்பெனியின் டி25 டர்போவை மேசைமேல் வைத்துப் பார்த்தால், ஒரு மனிதனைக் கடனாளியாக்கும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு நத்தை ஓடுகள். ஒன்று வார்ப்பிரும்பு, இன்னொன்று அலுமினியம். நடுவே ஆயில் ஓடும் பேரிங் கூடு, அதற்குள் சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு தண்டு. தண்டின் ஒரு நுனியில் நிக்கல் கலவையில் வார்த்த டர்பைன் சக்கரம், மறு நுனியில் அலுமினியக் கம்ப்ரஸர் சக்கரம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை முதல் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் சுழலும் இரண்டாவது சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம், இழுவை கூடும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற இந்தத் தண்டை உள்ளே தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

நிஸான் சில்வியா, சாப் 9000 போன்ற கார்களில் இந்த டி25 தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குள் அது போனது வேறு வழியில், பின்னால் வாங்கி மாட்டிக்கொள்ளும் பாகங்கள் அடங்கிய கிட் பெட்டிக்குள் உட்கார்ந்து. அந்தக் காரை வடிவமைத்தவர்கள் டர்போவுக்கென்று அதில் இடம் ஒதுக்கியிருக்கவில்லை. பிறகு எப்படி அது அங்கே பிழைத்தது என்பதைச் சொல்ல, முதலில் அதன் மூதாதையரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஊர்க்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். எஞ்சின் எரிக்கும் எரிபொருளின் சக்தியில் பெரும்பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறதே என்பதுதான் அவருடைய ஆதங்கம். யோசனை சரி, அந்த வெப்பத்தைத் தாங்கும் உலோகம் அப்போது இல்லை. இருபது ஆண்டு கழித்து, இரண்டு ஜெர்மானியக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில்தான் அது உருப்படியாக ஓடியது. 1,750 ஹார்ஸ்பவர் தந்த எஞ்சின் 2,500 தந்தது.

இதற்கிடையே 1918-இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபோர்ட் மாஸ், ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு கொலராடோவின் பைக்ஸ் பீக் உச்சிக்குப் போனார். உயரம் 4,300 மீட்டர். தரைமட்டத்தில் 350 ஹார்ஸ்பவர் கொடுத்த எஞ்சின் அந்த மெல்லிய காற்றில் 230-க்கு இறங்கிவிட்டது. டர்போவை மாட்டியதும் 356. உயரப் பறக்கும் விமானங்களுக்கு அன்றே வழி திறந்தது. இரண்டாம் உலகப் போரின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் இருந்தவை இதன் வாரிசுகள்தான்.

கார் உலகத்துக்குள் அது நுழைந்த விதம்தான் சுவாரசியம், அதோடு கிட் வாங்குகிறவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடமும்கூட. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வந்தது. மூன்றரை லிட்டர் அலுமினிய வி8 எஞ்சின், காரெட் டர்போ, 215 ஹார்ஸ்பவர். எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 10.25. அவ்வளவு அழுத்தத்தில் டர்போ காற்றையும் திணித்தால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன்மேல் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். அதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்கிலிருந்து எஞ்சினுக்குள் பீச்சினார்கள். பெயர்கூட ஜம்பமாக 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'. டேங்க் காலியானால் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் காரை வாங்கியவர்கள் பெட்ரோல் போடத்தான் பழகியிருந்தார்கள், இந்தத் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். கார் சோம்பல்படுகிறது என்று புகார்கள் குவிந்தன. கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் மாட்டிக்கொடுக்க முன்வந்தது. இரண்டே ஆண்டில் ஜெட்ஃபயர் முடிந்தது. அந்த டர்போவின்மேல் குறை சொல்ல அதிகம் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு டேங்க்தான் காலியாக இருந்தது.

எழுபதுகளில் பிஎம்டபிள்யூ 2002 டர்போவும் போர்ஷே 911 டர்போவும் வந்தன. இரண்டிலும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபின் சற்று காத்திருந்து, திடீரென்று முதுகில் உதை வாங்க வேண்டும். ஸ்வீடனின் சாப் கம்பெனியில் பெர் யில்பிராண்ட் குழுவினர் மாற்றி யோசித்தார்கள். டர்போ சின்னதாக இருக்கட்டும், குறைந்த சுற்றிலேயே விழித்துக்கொள்ளட்டும், அழுத்தம் மிஞ்சினால் வேஸ்ட்கேட் வழியாகப் புகையைத் திருப்பிவிடலாம் என்று. சாப் 99 டர்போ பிறந்தது அப்படி. டி25 இந்தச் சின்ன டர்போ வம்சத்தைச் சேர்ந்தது.

எம்எக்ஸ்-5 கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமானது. இரண்டு சீட், துணிக்கூரை, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 ஹார்ஸ்பவர். வளைவில் திருப்பினால் மனசு குளிர்ந்துவிடும், நேர் ரோட்டில் மட்டும் குடும்பக் கார்களே முந்திக்கொண்டு போகும். இங்கிலாந்தின் பிராக்லி ஊரில் இருந்த பிபிஆர் என்ற பட்டறை, 1990 வாக்கில் டி25 வைத்து ஒரு கிட் செய்தது. சக்தி 150-க்கு உயர்ந்தது. மாஸ்டாவின் பிரிட்டிஷ் டீலர்களே அதை வாரண்டியோடு விற்றார்கள். டெக்சஸில் கார்க்கி பெல் என்பவர் அதே காருக்கு இன்னும் துணிச்சலான கிட்களைச் செய்தார். 1997-இல் வந்த அவருடைய 'மேக்ஸிமம் பூஸ்ட்' என்ற புத்தகம் கிட் மாட்டுகிறவர்களின் பாடநூலாகவே ஆகிவிட்டது.

டர்போவைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு ஒன்றும் பூதம் அல்ல. 1.6 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை உள்ளே இழுக்கிறது. 7,000 சுற்றில் நிமிடத்துக்கு 5,600 லிட்டர். நடைமுறையில் முழுக்க நிரம்பாது. 5,000 லிட்டர், எடையில் ஆறு கிலோ என்று வையுங்கள். அரை பார் அழுத்தம் கூட்டினால் எட்டு, எட்டரை கிலோ காற்று போகும். இந்தக் காற்றையும் இந்த அழுத்தத்தையும் கம்ப்ரஸர் வரைபடத்தில் புள்ளியாக வைத்துப் பார்க்க வேண்டும். புள்ளி இடப்பக்கக் கோட்டைத் தாண்டினால் காற்று பின்வாங்கித் திணறும். வலக்கோடியில் விழுந்தால் சக்கரம் மூச்சுவாங்கி, காற்றை நகர்த்துவதைவிடச் சூடேற்றும் வேலையையே அதிகம் செய்யும். டி25-க்கு இந்த எட்டு கிலோ பொருத்தமான சுமை.

ஆனால் கிட் வாங்குகிறவர்களில் பலர் வரைபடத்தைப் பார்ப்பதில்லை, பெரிய எண்ணைப் பார்க்கிறார்கள். 400 ஹார்ஸ்பவர் தரும் டர்போ என்றால் 400 வரும் என்று நம்பிக்கை. அந்தப் பெரிய சக்கரத்தைச் சுழற்றும் அளவுக்குப் புகை 1.6 எஞ்சினில் 5,000 சுற்றுக்குப் பிறகுதான் கிடைக்கும். ஊருக்குள் ஓட்டும் நேரமெல்லாம் முன்பிருந்த காரைவிட மந்தமான கார்தான் மிஞ்சும். 'இந்த எஞ்சினுக்குச் சின்னதுதான் சரி' என்று சொல்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரிடமே வாங்குங்கள்.

அழுத்தினால் காற்று சூடாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 30 டிகிரியில் உள்ளே போன காற்று, அரை பார் அழுத்தத்தில், 70 சதவீதத் திறமையான கம்ப்ரஸரில்கூட 80 டிகிரி தாண்டி வெளிவரும். அதைக் குளிர்விக்கத்தான் முகப்பில் இன்டர்கூலர். இல்லாவிட்டால் ஜெட்ஃபயரின் பழைய வியாதி திரும்பி வரும்.

பெட்டி வந்து சேர்ந்தபின் வேலை தொடங்குவது துருவோடுதான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகளில் முதல் நாளே துருநீக்கும் எண்ணெய் அடித்து ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டு ஸ்டட்டை ஒடித்தவர் வேலையை எஞ்சின் ஹெட்டில் துளை போடுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அடுத்து, டர்போவின் மூன்று பாகங்களையும் பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, நடுக்கூட்டைச் சுற்றித் திருப்பி, ஆயில் இறங்கும் வாய் நேர் கீழே பார்க்கும்படி வைக்க வேண்டும். சாய்ந்தாலும் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்குள் இருக்கட்டும். கம்ப்ரஸர் ஓட்டின் வாயை இன்டர்கூலர் பக்கம் திருப்புவது அதற்கப்புறம்.

ஆயில் வாய் விஷயத்தில் இவ்வளவு கறார் எதற்கு? ஆயில் பிரஷர் சென்சார் இருக்கும் துளையில் ஒரு டி-பொருத்தி மாட்டி, மெல்லிய குழாய் வழியே டர்போவுக்கு ஆயில் கொடுக்கிறோம். உள்ளே அழுத்தத்தோடு போகும் ஆயில், தண்டின் வேகத்தில் அடிபட்டு, நுரையாக வெளியே வருகிறது. அதைக் கீழே தள்ள எந்தப் பம்பும் கிடையாது, தன் எடையில்தான் விழ வேண்டும். ஆகவே இறங்கும் ஹோஸ் தடியாக இருக்க வேண்டும், எங்கும் தொய்ந்து பள்ளம் விழக் கூடாது, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். தவறினால் நுரை தேங்கி, தண்டின் சீலைத் தாண்டி எக்ஸாஸ்டில் கசியும், சைலன்சரில் நீலப்புகை. 'டர்போ போச்சு' என்று புது டர்போ வாங்கி மாட்டுவார்கள், அதுவும் புகையும். குற்றவாளி அந்த ஹோஸ்.

எம்எக்ஸ்-5-இல் சம்ப்பைக் கழற்றுவது பெரிய வேலை. குறுக்குச் சட்டத்தை இறக்கியாக வேண்டும். அதனால் பலர் காரின் அடியில் படுத்தபடியே சம்ப்பில் துளை போட்டுவிடுகிறார்கள். டிரில் பிட்டில் கிரீஸை அப்பி, கொஞ்சம் துளைத்து, எடுத்துத் துடைத்து, மறுபடி அப்பித் துளைக்க வேண்டும். மரை வெட்டும் டேப்புக்கும் இதே கதைதான். சம்ப் அலுமினியம் என்பதால் உள்ளே விழுந்த துகளைக் காந்தம் போட்டும் எடுக்க முடியாது. முடிந்ததும் மலிவான ஆயிலை ஊற்றி, அடிப்பக்கப் பிளக்கைத் திறந்துவிட்டுக் கழுவுவார்கள். ஆயில் குழாயின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. பிய்ந்த நூல் ஒன்று ஆயில் துளையை அடைத்தால் போதும், பேரிங் போய்விடும்.

முதல்முறை ஸ்டார்ட் செய்யுமுன் இன்ஜெக்டர்களின் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை எஞ்சினைச் சுற்ற வைக்க வேண்டும். வறண்ட பேரிங்கில் ஒரு லட்சம் சுற்று என்பது தற்கொலை.

இத்தனையும் சரியாக இருந்தாலும் பெட்ரோலும் தீப்பொறியும் மிச்சமிருக்கின்றன. அந்த 1.6 எஞ்சினில் காற்றை அளப்பது ஒரு கதவுத் தகடு. காற்று அதிகமானால் அது முழுக்கத் திறந்து நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவுக்குத் தெரியாது. நாக் சென்சாரும் கிடையாது. பழைய கிட்களில், டர்போ அழுத்தம் ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றும் ஒரு ரெகுலேட்டர் வைத்துச் சமாளித்தார்கள். 2001-இல் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ இருவரும் மெகாஸ்குவர்ட் என்ற, நாமே பற்றவைத்துச் செய்துகொள்ளும் ஈசியூவைக் கொண்டுவந்தபின் நிலைமை மாறியது. சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று; டர்போ முழு வேகத்தில் தள்ளும்போது காற்றை 12-க்கும் கீழே இறக்கி, தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தி ஈசியூவில் எழுத வேண்டும். இந்த விகிதத்தை அளந்து காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் காதை நம்பி டியூன் செய்கிறவர்களுக்குப் பிஸ்டன்தான் கணக்குக் காட்டும். டர்போவுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியாவது ஈசியூவுக்கும் டியூனிங்குக்கும் போக வேண்டும் என்பது என் கட்சி.

அதன்பிறகு டி25-இன் வாழ்க்கை வெப்பத்தோடு. ரேஸ் ட்ராக்கில் ஓடும் எம்எக்ஸ்-5-களில் மேனிஃபோல்டையும் டர்போவையும் பிணைக்கும் நட்டுகள் தளர்ந்து விழுவது பழைய தலைவலி. அதற்காகவே வெப்பம் தாங்கும் இன்கோனல் உலோகக் கலவை ஸ்டட்டுகள் விற்கிறார்கள். விரட்டி ஓட்டிவிட்டுச் சட்டென்று எஞ்சினை அணைத்தால் பேரிங்கில் தங்கிய ஆயில் கரியாகக் கருகும். அதைத் தடுக்கத்தான் கூட்டைச் சுற்றித் தண்ணீர்க் குழாய். அழுத்தத்தை இன்னும் கூட்டினால் முதலில் வளைவது கனெக்டிங் ராடு, அடுத்துத் தேய்வது கியர்பாக்ஸ். தண்டு ஆட ஆரம்பித்த டர்போ ரீகண்டிஷன் ஆகி வேறொரு காருக்குப் போகும், அல்லது காயலான் கடைக்கு. மாஸ்டாவே 2004-இல் டர்போவுடன் மாஸ்டாஸ்பீடு எம்எக்ஸ்-5 விற்றபோது வைத்துக்கொண்ட எல்லை 1.8 லிட்டரில் 178 ஹார்ஸ்பவர்தான்.

நம் ஊரில் டீசல் கார்களில் டர்போ சர்வசாதாரணம், ஆனால் அவை தொழிற்சாலையிலேயே சான்று பெற்று வருபவை. நாமாக மாட்டுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களிலிருந்து வண்டி மாறுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆசை விடவில்லை என்றால் தனியாக ஒரு ட்ராக் கார் செய்து, லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கோ கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கோ கொண்டுபோய் ஓட்டுங்கள்.