சாவியை யாரிடம் கொடுப்பது? சொந்த விபிஎன்னின் கதை

விபிஎன் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு யூடியூப் வீடியோ நடுவில் வரும் விளம்பரம் ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு ஆபீஸ் லேப்டாப். நானும் தினமும் அப்படித்தான் வேலைக்கு லாகின் பண்றேன். ஆனால் அடக்குமுறைக்கு நடுவே வேலை செய்யும் பத்திரிகையாளர்களுக்கும் போராட்டக்காரர்களுக்கும், "உங்களுக்கான வழியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொடுத்த ஒரு வரலாறும் இருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதலில் ஒரு அடிப்படை. விபிஎன் போட்டால் உங்கள் மேல் இருக்கும் கண் மறைந்துவிடாது, வேற ஆளுக்கு மாறும். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது அதுவரை இணைய நிறுவனத்துக்குத் தெரியும். இனிமேல் விபிஎன் சர்வரை நடத்துபவருக்குத் தெரியும். ஃபேஸ்புக் 2013-ல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. பாதுகாப்புக்கு என்று நம்பித்தான் மக்கள் அதன் விபிஎன் செயலியைப் போட்டுக்கொண்டார்கள். போனில் எந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. வியாபாரத்துக்காகவே இவ்வளவு வேவு என்றால், பிடிபட்டால் ஜெயில் என்ற நிலையில் இருப்பவர் யாரை நம்புவார்?

இதற்கு ஒரு நல்ல பதில் 2006 டிசம்பரில் வந்தது. கனடாவில், டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 'சைஃபன்' என்ற மென்பொருளை வெளியிட்டது. தணிக்கை இல்லாத நாட்டில் இருக்கும் ஒருவர் அதைத் தன் வீட்டுக் கணினியில் போடுவார். தணிக்கை உள்ள நாட்டில் இருக்கும் தன் நண்பருக்கோ சொந்தக்காரருக்கோ ஒரு முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுப்பார். அவ்வளவுதான். அந்தப் பக்கம் எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், பிரவுசர் போதும். இதில் அழகு என்னன்னா, இங்கே நம்பிக்கை கம்பெனி மேல் இல்லை, தெரிந்த மனுஷன் மேல். ஊருக்கே தெரிந்த முகவரி இல்லை என்பதால் கண்டுபிடித்து முடக்குவதும் கஷ்டம். ஆனால் வெளிநாட்டில் ஆள் இல்லாதவருக்கு இதனால் பயன் இல்லை. பிற்பாடு சைஃபனே மையமாக நடத்தும் சர்வர்களுக்கு மாறியது.

2009 ஜூன், ஈரான். தேர்தல் முடிவை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். உலகம் முழுக்க ஆர்வலர்கள் ப்ராக்ஸி சர்வர்கள் போட்டு, முகவரிகளை ட்விட்டரில் பகிர்ந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் ட்விட்டரை அரசாங்கமும் படிக்கும் இல்லையா? பொதுவில் போட்ட முகவரியைத் தடுப்பது சுலபம். அதே ஆண்டு செப்டம்பரில் டார் நெட்வொர்க்குக்கும் இது நடந்தது. பொதுப் பட்டியலில் இருந்த அதன் சர்வர்களைச் சீனா முடக்கியது. பட்டியலில் இல்லாத 'பிரிட்ஜ்'கள்தான் அப்போது கைகொடுத்தன.

ஈரானை ஒட்டியே இன்னொரு கதை. அமெரிக்க புரோகிராமர் ஆஸ்டின் ஹீப் 'ஹேஸ்டாக்' என்ற கருவியை அறிவித்தார். பத்திரிகைகள் கொண்டாடின, விருது வந்தது, அமெரிக்க அரசின் ஏற்றுமதி அனுமதியும் கிடைத்தது. கோடை மட்டும் வெளியாட்கள் யாரும் பரிசோதிக்கவில்லை. 2010 செப்டம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பார்த்தபோது ஓட்டைகள் வெளியே வந்தன, திட்டமே நிறுத்தப்பட்டது. நம் வேலையில் பக் இருந்தால் டிக்கெட் ஓப்பன் ஆகும். அங்கே பக் இருந்தால் ஒரு மனுஷனின் கதவைத் தட்டுவார்கள். சோதிக்காத கருவியைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

2018-ல் கூகுளின் சகோதர நிறுவனமான ஜிக்சா 'அவுட்லைன்' வெளியிட்டது. ஓப்பன் சோர்ஸ், வெளியாட்கள் தணிக்கை செய்தது. ஒரு செய்தி நிறுவனமோ சிறு குழுவோ கிளவுடில் சர்வர் வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு ஒரு சாவி கொடுக்கலாம். ஒருவர் போன் பறிபோனால் அவர் சாவியை மட்டும் ரத்து செய்யலாம். கமாண்ட் லைன் தெரியாதவரும் அமைக்கலாம். அடியில் ஓடுவது ஷேடோசாக்ஸ். 2012-ல் ஒரு சீன புரோகிராமர் எழுதியது. 2015-ல் போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னதாகச் சொல்லி அவர் விலகினார். ஆனால் கோடின் பிரதிகள் உலகம் முழுக்கப் பரவிவிட்டிருந்தன.

இப்போது முக்கியமான விஷயம். இன்ஸ்டால் பண்ணச் சொல்லித்தருவது அரை மணி நேர வேலை. எது மறையாது என்று சொல்லித்தருவதுதான் பாடமே. பத்துப் பேர் ஒரே சர்வர் வழியாகப் போனால், வெளியே ஒரே ஐபி முகவரி தெரியும். அந்தச் சர்வர் யாரோ ஒருவரின் கார்டில் வாங்கியது. ஒருவர் எழுதியதற்கு, வாடகை கட்டியவர் மாட்டலாம். பெரிய விபிஎன்னில் கூட்டத்தில் ஒளியலாம். சொந்த விபிஎன்னில் கூட்டமே நீங்கள்தான். தணிக்கையைத் தாண்டுவது வேறு, அடையாளத்தை மறைப்பது வேறு.

நம் ஊருக்கும் இது பொருந்தும். 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவு, வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஐபி விவரங்களை 5 வருஷம் வைத்திருக்கச் சொன்னது. விபிஎன் நிறுவனங்களுக்கு மட்டுமில்லை, சர்வர் வாடகைக்கு விடுபவர்களுக்கும்தான். எக்ஸ்பிரஸ்விபிஎன் இந்தியாவில் இருந்த தன் சர்வர்களையே எடுத்துவிட்டது. காஷ்மீரில் 2020 பிப்ரவரியில், தடையை மீறி விபிஎன் வழியாகச் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தியவர்கள் மேல் போலீஸ் வழக்கே பதிந்தது. சில இடங்களில் போனில் இருக்கும் ஐகானே சாட்சியாகிவிடும்.

அதனால் யாராவது உங்களிடம் "எங்க குழுவுக்கு ஒரு விபிஎன் போட்டுக்கொடு ப்ரோ" என்று கேட்டால், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். யாரிடமிருந்து மறைக்கணும்? சர்வர் யார் பேரில் இருக்கும்? அவர் மாட்டினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அன்றைக்குச் சர்வர் போட வேண்டாம். உட்கார்ந்து பேசுங்கள்.