பத்து நெல் ரகம், 45 டி சோதனை

குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடி வயல்களுக்குப் பாய்கிறது. இந்தப் பகுதியில் நெல்லுக்கு கார், பிசானம் என்று இரண்டு பருவங்கள். தென்காசிக்குத் தெற்கே அம்பாசமுத்திரத்தில் 1937-ல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1986-ல் வெளியான ஏ.எஸ்.டி. 16 ரகம் இங்கே உருவானதுதான்.

சரி, ஒரு ரகம் இன்னொன்றைவிட நல்லது என்று எப்படி முடிவு செய்வது? ஒரே ரகத்தை அடுத்தடுத்த பாத்திகளில் நட்டாலும் மகசூல் ஒன்றுபோல் இருக்காது. வித்தியாசம் ரகத்தால் வந்ததா, மண்ணால் வந்ததா? இதற்கு உதவுவதுதான் டி சோதனை. டப்ளின் நகரில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் இதன் அடிப்படையை வெளியிட்டார்.

இரண்டு ரகம் என்றால் ஒரு சோதனை போதும். பத்து ரகம் என்றால் 45 ஜோடிகள். பத்தும் உண்மையில் சமமாகவே இருந்தாலும், 5 சதவீத அளவில் சராசரியாக இரண்டு ஜோடிகளாவது 'வித்தியாசம் உண்டு' என்று பொய்யாகக் காட்டும். அதை நம்பி விதைத்தால் விவசாயிக்கு ஒரு போகம் போச்சு!

முதலில் எல்லா ரகங்களுக்கும் சேர்த்து ஒரு எஃப் சோதனை, அதில் வித்தியாசம் தெரிந்தால் மட்டும் ஜோடிகள் என்பது ரொனால்ட் ஃபிஷர் 1935-ல் காட்டிய வழி. 1938-ல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இவரே. வேளாண் ஆய்வு அட்டவணைகளின் அடியில் 'சி.டி.' என்று போடும் எண் இந்த வழியில் வந்ததுதான். ஆனால் ஒரே ஒரு ரகம் மட்டும் நிஜமாகவே வேறுபட்டாலும் எஃப் சோதனை தேறிவிடும். மற்ற ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லை.

கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலிருந்து அமெரிக்கா சென்ற எஸ்.என்.ராய், ஆர்.சி.போஸ் இருவரும் 1953-ல் பல ஒப்பீடுகளையும் ஒருசேரக் காக்கும் முறையைத் தந்தனர். 1961-ல் ஆலிவ் ஜீன் டன், பான்ஃபெரோனியின் பெயரால் அறியப்படும் எளிய வழியை விளக்கினார்: 0.05-ஐ 45-ஆல் வகுத்தால் 0.0011, பி மதிப்பு அதற்கும் கீழே இருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு கண்டிப்பில் உண்மையிலேயே நல்ல ரகமும் கழிந்துபோகலாம். அதனால் 1995-ல் பெஞ்சமினி, ஹாக்பெர்க் இருவரும், தேறியவற்றில் பொய்யானவற்றின் பங்கை மட்டும் கட்டுப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தனர்.

இன்று ஒரு பொத்தானில் 45 பி மதிப்பும் திரையில் வந்துவிடும். தனித்தனியாக ஓட்டிய சோதனையில் 0.03 என்று வந்தால், கூட இன்னும் 44 சோதனைகள் நடந்தது மென்பொருளுக்குத் தெரியாது. எஸ்.பி.எஸ்.எஸ்.-ல் பான்ஃபெரோனியைத் தேர்ந்தெடுத்தால் ஜோடிகளின் எண்ணிக்கையால் அதுவே பெருக்கிவிடும், 0.0008 என்பது 0.036 ஆகும், 0.03 என்பது 1 ஆகிவிடும். அந்த எண்ணை நேராக 0.05-உடன் ஒப்பிட வேண்டும். மறுபடி வகுத்தால் இரட்டைத் தண்டனை!

எந்த முறையானாலும், மொத்தம் எத்தனை ஜோடிகள் சோதிக்கப்பட்டன என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். அது இல்லாமல் தேறிய ஒன்றை மட்டும் காட்டினால், படிப்பவர் அதை எடைபோட முடியாது.