சட்டம் ஏற்க 40 ஆண்டுகள் ஆன திருமணம்

விருதுநகர் மாவட்டம் என்றவுடன் நினைவுக்கு வருவது பட்டாசும் தீப்பெட்டியும்தான். ஆனால் தமிழகத்தின் திருமண வரலாற்றிலும் இம்மாவட்டத்திற்கு ஓர் இடம் உண்டு.

1928-ஆம் ஆண்டு மே மாதம், அருப்புக்கோட்டை அருகிலுள்ள சுக்கிலநத்தம் கிராமத்தில் பெரியார் தலைமையில் புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் ஒரு திருமணம் நடைபெற்றது. இதுவே முதல் சுயமரியாதைத் திருமணம் எனப்படுகிறது. அதன்பின் இம்முறை பல ஊர்களுக்கும் பரவியது. தலைவர்கள் வாழ்த்திப் பேசுவார்கள், மணமக்கள் மாலை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சட்டம் இதை ஏற்கவில்லை. 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம், இம்முறையில் நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இதனால் பெண்களுக்கு மனைவி என்ற உரிமையும், பிள்ளைகளுக்குச் சொத்துரிமையும் கேள்விக்குறியாயின.

1967-ல் முதல்வர் அண்ணாவின் ஆட்சி, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 1968 ஜனவரியில் அது சட்டமானது. உற்றார் நண்பர்கள் முன்னிலையில் மாலை அல்லது மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த திருமணங்களுக்கும் இது பொருந்தும் என்பதே இதன் சிறப்பு.

முதன்முதலில் இப்படி மணம் முடித்தவர்கள், பேரன் பேத்தி எடுக்கும் வயதில்தான் சட்டப்படி கணவன் மனைவி ஆனார்கள்!