மாதம் 800 ரூபாய் ஜிம்: சேரலாமா, வேண்டாமா?

ஆபீஸ் போகும் வழியில் இப்படி ஒரு போர்டைப் பார்த்திருப்பீர்கள்: ‘ஒரு வருஷத்துக்கு 9,600 ரூபாய் மட்டும், மாதமாகக் கட்டினால் 1,200.’ ஏசி கிடையாது, ஸ்டீம் பாத் கிடையாது, ஜூம்பா கிளாஸ் கிடையாது. வருஷக் கணக்கில் மாதம் 800 ரூபாய்தானே என்று கை தானாக யுபிஐ ஆப்பைத் திறக்கும். நானும் ஒருமுறை அப்படித்தான் மொத்தமாகக் கட்டினேன். மூன்றாவது மாதத்தோடு சரி, அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. நீங்கள் கட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

சாதாரண ஜிம் போதுமா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி: பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இதுதான். முதலாவதை வேகமாக நடந்தே முடிக்கலாம். இரண்டாவதுக்கு டம்பெல், பார்பெல், ஒரு பெஞ்ச் இருந்தால் போதும்.

அப்போ சிக்கல் எங்கே?

நாம் போகிறோமா என்பதில்தான். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், அமெரிக்காவில் 3 ஜிம்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை 3 ஆண்டுகளுக்கு ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாகப் போனது மாதம் 4.3 முறை. ஒரு வருகைக்கு 17 டாலருக்கும் மேல் ஆனது. அதே ஜிம்மில் 10 வருகைக்கான பாஸ் வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும்.

நம் கணக்குக்கு வருவோம். 800 ரூபாய் ஜிம்முக்கு மாதம் 3 முறை போனால் ஒரு வருகைக்கு 267 ரூபாய். மாதம் 2,000 ரூபாய் வாங்கும் ஏசி ஜிம்முக்கு 12 முறை போனால் 167 ரூபாய்தான். எனவே போர்டில் இருக்கும் விலையோடு, வீட்டிலிருந்தோ ஆபீசிலிருந்தோ எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள்.

மாதக் கட்டணமா, வருஷக் கட்டணமா?

மாதம் 1,200 வீதம் 8 மாதம் கட்டினால் 9,600. அதாவது, 8 மாதத்தைத் தாண்டிப் போனால்தான் வருஷ சந்தாவில் லாபம். ‘வட்டியில்லா இஎம்ஐ’ என்றால் இன்னும் கவனம் தேவை. பல இடங்களில் நீங்கள் கையெழுத்துப் போடுவது ஒரு கடனுக்கு. ஜிம்மை விட்டாலும் தவணை ஓடும். கட்டத் தவறினால் கிரெடிட் ஸ்கோர் அடிவாங்கும்.

சேரும் முன் என்ன பார்க்கணும்?

• நீங்கள் போகப்போகிற நேரத்திலேயே ஒருநாள் போய்ப் பாருங்கள். மதியம் காலியாக இருக்கும் ஜிம்மில், மாலை 7 மணிக்கு ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர் காத்திருக்கலாம்.

• நீங்கள் புதியவர் என்றால், ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்றவற்றைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொடுக்க ஆள் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். இதயப் பிரச்சினை, ரத்த அழுத்தம் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

• 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் 18 என்று இருந்தால் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு எண் இல்லாத ஜிம் அந்த வரியை வசூலிக்கவே கூடாது.

• ஊர் மாறினால் சந்தாவை நிறுத்திவைக்கலாமா, வேறொருவருக்கு மாற்றலாமா? வாய்ப்பேச்சு போதாது, வாட்ஸ்ஆப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

பாதியில் மூடிவிட்டால்?

ரசீதில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும், பணம் வாங்கிக்கொண்டு சேவை தராதது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீரவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நீங்களாகப் போகாமல் விட்டால் பணம் திரும்புவது கஷ்டம்.

முடிவாக?

முதல் மாதம் 1,200 ரூபாய் மட்டும் கட்டுங்கள். வாரத்துக்கு 2 நாள் வீதம் 8 முறை போக முடிந்ததா? தாராளமாக வருஷ சந்தா எடுங்கள். முடியவில்லையா? பரவாயில்லை, மிச்சம் 8,400 ரூபாய் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. பக்கத்துப் பூங்காவில் திறந்தவெளி ஜிம் இருந்தால், அடுத்த மாதத்தை அங்கே தொடங்கலாம்.